பதினேழாம் அறை

கம்பளி நூல் கடைக்கு மேல்மாடியில் எங்கள் நிறுவனம்.
நிறுவனம் என்றால்
தலை இடிக்கும் கூரை, ஒரு மண்ணெண்ணெய் அடுப்பு,
நெவிலின் அத்தை கொடுத்த தொலைக்காட்சி,
எட்டு டேப் ரெக்கார்டர்கள்.
ஆறாவது மட்டும் எப்போதும் சிணுங்கும்.
ராய்ஸ்டன் லெகட் நிரல் எழுதினான்.
நெவில் படம் வரைந்தான்.
நான் பெரில் டௌஸ். கணக்கு.

கிரிம்ஸ்பி துறைமுகத்தில் அந்த வருஷம்
படகுகள் வாங்க ஆளில்லாமல் நின்றன.
ஐஸ்லாந்துக் கடலில் வலை இழுத்த ராய்ஸ்டனின் அப்பா
ஒருநாள் படியேறி வந்து திரையைப் பார்த்தார்.
கலங்கரை விளக்கத்துக்குள்
கட்டைவிரல் உயர மனிதன்
எண்ணெய்க் குவளையோடு குதித்துக்கொண்டிருந்தான்.
'இவனுக்குக் கூலி யார் தருவது?' என்றார்.
நான் பேரேட்டை மூடி அதன்மேல் கையை வைத்துக்கொண்டேன்.

நாற்பத்தெட்டு கே.
அதற்குள் கடல், அதற்குள் இருபது அறைகள்,
அதற்குள் எலிகள், புயல், நெவிலின் பிடிவாதம்.
ஒரு கடற்பறவையைக் கொன்று
அந்த இடத்தில் ஒரு கதவு வைத்தான் ராய்ஸ்டன்.
நிலவில் பாதியைத்தான் சேமித்தான்.
மறு பாதி
அதே பாதி, திருப்பிப் போட்டது.
யாருக்கும் தெரியவில்லை.
எனக்கு இன்றுவரை
வானத்து நிலவைப் பார்த்தாலும் சந்தேகம்.

ஒரு கேசட் பதிய ஐந்து நிமிடம்.
தகரக் கூரையை யாரோ சீப்பால் வாருவதுபோல் ஒரு சத்தம்.
கீழே நூல் வாங்க வந்தவர்கள்
'மேலே பல் மருத்துவரா?' என்று கேட்டார்களாம்.

முதல் வாரம் பதினொரு காசோலை.
நவம்பரில் தபால்காரர் மணி அடிப்பதை விட்டுவிட்டு
மூட்டையைப் படியில் போட்டுப் போனார்.
லண்டன் பத்திரிகை ஒன்று நான்கு நட்சத்திரம் கொடுத்தது:
'உச்சியிலிருந்து தெரியும் காட்சி மெய்சிலிர்க்க வைக்கிறது.'
ராய்ஸ்டன் அதை வெட்டி அடுப்புக்கு மேல் ஒட்டினான்.

ஜனவரியில் ஒரு கடிதம்.
விக் என்கிற வடகோடி ஊர்.
உனா ஸ்வான்சன், வயது பதினொன்று.
கட்டம் போட்ட தாளில் பதினேழாம் அறையை
எங்களைவிடச் சுத்தமாக வரைந்திருந்தாள்.
'சாவி சுவருக்குள்ளே இருக்கிறது.
எனக்கு ஆடத் தெரியவில்லை என்கிறான் என் தம்பி.
வேண்டுமென்றே செய்ததா, சொல்லிவிடுங்கள்.'

அன்றிரவு ராய்ஸ்டன் சாப்பிடவில்லை.
மூன்று இருக்கவேண்டிய இடத்தில் எட்டு.
அவ்வளவுதான்.
இரண்டாயிரத்து அறுநூற்றுப் பதினான்கு கேசட்டுகள் போய்விட்டிருந்தன,
பதினேழுக்கு மேலே
ஒருவராலும் ஏற முடியாமல்.
நெவில் நிமிர்ந்து, அடுப்புக்கு மேல் ஒட்டியிருந்த
அந்த மெய்சிலிர்ப்பைப் பார்த்தான்.
நாங்கள் சிரித்தோம். வயிறு வலிக்கும்வரை.
பிறகு வேறு விதமாக வலித்தது.

எல்லோருக்கும் மாற்றி அனுப்பலாம் என்றான் நெவில்.
நான் பேரேட்டைத் திருப்பி அவனிடம் காட்டினேன்.
கிறிஸ்துமஸுக்கு ஆயிரம் எடுத்துப்போன லீட்ஸ் விநியோகஸ்தர்
திவாலாகி, தொலைபேசியை எடுப்பதில்லை.

ஆகவே ஒன்றே ஒன்று.
ஆறாவது ரெக்கார்டர் சிணுங்கச் சிணுங்கப் பதிந்தோம்.
மேலுறையில் என் கையெழுத்து.
செலவுப் பத்தியில்: தபால், விக், இருபத்தெட்டு பென்ஸ்.

ஏப்ரலில் சாவியைக் கடைக்காரியிடம் கொடுத்தோம்.
ராய்ஸ்டன் திருட்டு அலாரம் மாட்டப் போனான்.
நெவில் உறைபட்டாணி அட்டைப்பெட்டிக்குப்
பட்டாணி வரைந்தான்.
நான் வேறொருவர் கடனைக் கூட்டிக்கொண்டிருந்தபோது
பழைய விலாசம் சுற்றி வந்தது ஓர் அஞ்சலட்டை.

'ஏறிவிட்டேன். விளக்கு எரிகிறது.
தம்பியைக் கூப்பிட்டுக் காட்டினேன்.
ஆனால் கடைசியில் வரும் வாழ்த்தில்
ஓர் எழுத்தைக் காணோம்.'

அலாரம் கம்பிகளைத் தோளில் சுற்றியபடியே
ராய்ஸ்டன் அதை இரண்டுமுறை படித்தான்.
'தெரியும்,' என்றான்.
'இடம் இல்லை.'